பாஷாண ஊசியிலிருந்து குளிசை வரை: உறக்க நோய்க்கு மருந்து பிறந்த வரலாறு

ஒரு நோய்க்கு மருந்து உலகில் இருப்பது வேறு. அந்த மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேருவது வேறு. நோய் கொடியதாக இருந்தால் விஞ்ஞானிகள் எப்படியாவது மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில் மருந்தும் ஏனைய பண்டங்களைப் போலச் சந்தையை நோக்கியே செய்யப்படுகின்றது. வாங்குபவரிடம் பணம் இருந்தால் மருந்து வரும். நோயாளி ஏழைக் கமக்காரனாக இருந்தால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆபிரிக்காவின் உறக்க நோய் இதற்கு நல்லதோர் உதாரணம். இந்நோய் நகரத்தவரை அதிகம் தொடுவதில்லை. ஆற்றங்கரையில் மரவள்ளி நடுபவர், மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், விறகு பொறுக்குபவர் ஆகியோரையே பிடிக்கின்றது. போரினால் ஊர்விட்டு ஊர் அலைந்த மக்களை இது மிக மோசமாகத் தாக்கியது. இந்நோயைப் பரப்பும் இலையான் எமது நாட்டில் இல்லை. எனவே வாசகர்கள் அச்சமடையத் தேவையில்லை. ஆயினும் எம்மைப் போன்ற மக்களுக்கு மருந்து எவ்வாறு பிறக்கின்றது, ஏன் தாமதிக்கின்றது என்பதை அறிய இவ்வரலாறு உதவும் என்பதால் இதனை இங்கே சற்று விரிவாகத் தருகின்றோம்.

நோய் தொற்றும் விதம்

நுளம்பு மலேரியாவைப் பரப்புவது போல, உறக்க நோயைச் செற்சி என்னும் இலையான் பரப்புகின்றது. இது எமது வீட்டு இலையானிலும் சற்றுப் பெரியது. ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். பகலில் கடிக்கும். ஆபிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் மட்டுமே வாழும். ஆற்றோரப் பற்றைகளும் மர நிழலும் இதற்கு விருப்பமான இடங்கள். தண்ணீர் அள்ளவும், துணி தோய்க்கவும், தோட்டத்துக்கு நீர் இறைக்கவும் வரும் மனிதரை இது அங்கேதான் சந்திக்கின்றது.

இலையானின் உமிழ்நீருடன் திரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணி மனித உடலுக்குள் புகுகின்றது. இது ஒரே கலத்தாலான உயிர். கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிறு விலாங்கு போல இரத்தத்தில் நெளிந்து திரியும்.

இதில் மனிதரைப் பிடிக்கும் வகைகள் இரண்டு. ஒன்று மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் உள்ளது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் இவ்வகையினர். இது மெல்ல மெல்ல, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உடலை அரிக்கும். மற்றது கிழக்கு, தென் ஆபிரிக்காவில் உள்ளது. வனவிலங்குகளிலும் மாடுகளிலும் தங்கியிருந்து மனிதருக்கு வரும். இது விரைவாகக் கொல்லும். இவற்றின் உறவுக் கிருமிகள் மாடுகளைத் தாக்கி மெலிவித்துக் கொல்கின்றன. மாடு செத்தால் உழவில்லை, பாலில்லை, எருவில்லை. ஆகவே செற்சி இலையான் கமக்காரனை இரு பக்கத்தாலும் அடிக்கின்றது.

உடலுக்குள் நடப்பது என்ன?

முதற் கட்டத்தில் கிருமி இரத்தத்திலும் நிணநீரிலும் பெருகுகின்றது. விட்டு விட்டுக் காய்ச்சல், தலையிடி, மூட்டு நோ, உடற்கடி ஆகியன ஏற்படும். கழுத்தின் பின்புறத்தில் கழலைகள் வீங்கும். பலர் இதை மலேரியா என்று எண்ணி வேறு மருந்து குடித்துவிட்டு இருந்துவிடுவர்.

இரண்டாம் கட்டத்தில் கிருமி மூளைக்குள் நுழைகின்றது. அப்போதுதான் நோயின் பெயருக்குரிய குணம் தெரியும். நோயாளி பகலில் உறங்கி, இரவில் விழித்திருப்பார். பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், குணம் மாறும். அமைதியான தகப்பன் வீட்டாரை அடிக்கத் தொடங்குவார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய் அப்பிள்ளையை மறந்து இருப்பார். பேய் பிடித்தது என்றும், பைத்தியம் என்றும் அயலவர் சொல்வர். மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் மரணமே முடிவு.

இதில் மருந்து செய்வோருக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. எமது மூளைக்கு இயற்கை ஒரு காவல் வேலி அமைத்துள்ளது. இரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருட்களையும் அது உள்ளே விடாது. கிருமி அந்த வேலியைக் கடந்துவிட்டது. மருந்தினாற் கடக்க முடியவில்லை. எனவே முதற் கட்டத்துக்கு ஒரு மருந்தும் இரண்டாம் கட்டத்துக்கு வேறு மருந்தும் தேவைப்பட்டன. எந்தக் கட்டம் என்று அறிவதற்காக ஒவ்வொரு நோயாளியின் முள்ளந்தண்டிலும் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேதனைக்கு அஞ்சிப் பரிசோதனைக்கு வராமல் ஒளித்தவர்கள் பலர்.

“தடுப்பூசி போட்டால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். இக்கிருமி ஒரு பெரிய கள்ளன். எமது உடலின் காவற்படை கிருமியின் மேற்சட்டையை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கியதும், கிருமிக் கூட்டத்திற் சில சட்டையை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகளுக்கான குறிப்பு அதனிடம் உண்டு. எந்தச் சட்டையைக் காட்டித் தடுப்பூசி செய்வது? ஆகவேதான் மருந்தே முழு நம்பிக்கையாக இருந்தது.

முதல் மருந்துகள்

1900 ஆம் ஆண்டளவில் உகண்டாவில், விக்ரோறியா ஏரிக் கரையில் இந்நோய் பெரும் கொள்ளையாகப் பரவியது. சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு அனுப்பப்பட்ட இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரெலானி, 1902 இல் நோயாளிகளின் முள்ளந்தண்டு நீரில் திரிப்பனோசோமாவைக் கண்டார். அடுத்த ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் செற்சி இலையானே இதைப் பரப்புகின்றது என்பதைக் காட்டினார். கஸ்ரெலானி பின்னர் இலங்கைக்கு வந்து கொழும்பிற் பல ஆண்டுகள் பணியாற்றினார். எமது கிராமங்களை ஒரு காலத்தில் வாட்டிய பறங்கி நோயின் கிருமியை 1905 இல் இங்கே கண்டுபிடித்தவரும் அவரே.

நோயின் காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. ஆங்கிலேய ஆட்சி ஒரு வழி கண்டது. ஏரிக் கரையிலும் தீவுகளிலும் இருந்த மக்களை ஊரோடு கிளப்பி இலையான் இல்லாத இடங்களுக்கு அனுப்பியது. உயிர் தப்பியவர்கள் வாழைத் தோட்டங்களையும் வள்ளங்களையும் விட்டுச் சென்றனர். விட்டுச் சென்ற நிலம் காடாகியது. இடப்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த எமது வாசகர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

முதலில் வந்த மருந்து அற்றொக்சில். இது பாஷாணத்திலிருந்து, அதாவது ஆசனிக்கிலிருந்து செய்யப்பட்டது. புகழ் பெற்ற ஜேர்மன் மருத்துவர் றொபேட் கொக் இதனை 1906 இல் விக்ரோறியா ஏரித் தீவுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்தார். சிலருக்குச் சுகம் தெரிந்தது. சிலர் கண்பார்வையை இழந்தனர். அடுத்து 1916 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் சுராமின் உருவாயிற்று. ஏறத்தாழ 1940 இல் பென்ரமிடின் வந்தது. இவ்விரண்டும் முதற் கட்டத்துக்கு உதவின. மூளைக் காவல் வேலியைத் தாண்ட இவற்றால் இயலவில்லை.

1949 இல் மெலார்சோப்ரோல் வந்தது. இதுவும் பாஷாண மருந்தே. ஆனால் மூளைக்குள் செல்லக்கூடியது. நாளத்தில் ஏற்றும்போது நெருப்பு ஓடுவது போல எரியும். பிளாஸ்டிக் சிறிஞ்சைப் பழுதாக்கும் என்பதால் கண்ணாடிச் சிறிஞ்சில் ஏற்றினர். இதனைப் பெற்ற நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மருந்தே மூளையைத் தாக்கியது. அவ்வாறு தாக்கப்பட்டவர்களிற் பாதிப்பேர் வரை இறந்தனர். ஊசி போடும் மருத்துவருக்கும் தாதிக்கும் இது தெரியும். நோயாளியின் உறவினருக்கும் தெரியும். போடாவிட்டால் எல்லோரும் இறப்பார்கள் என்பதால் போட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாக, இரண்டாம் கட்ட நோயாளிகளிற் பெரும்பாலானோருக்கு இதுவே மருந்தாக இருந்தது.

அடங்கிய நோய் மீண்டும் எழுந்தமை

மருந்து இவ்வாறு குறைபாடுடையதாக இருந்தும், 1960 களின் நடுப்பகுதியில் நோய் பெரும்பாலும் அடங்கியது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று ஒவ்வொருவரின் கழுத்தையும் தடவி, இரத்தம் எடுத்து, நோயாளிகளைத் தேடிப் பிடித்தமையே இதற்குக் காரணம். ஆபிரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் குறைந்தவர்களே நோயாளிகளாகப் பதியப்பட்டனர். “நோய் போய்விட்டது, இனி என்ன செலவு?” என்று குழுக்கள் கைவிடப்பட்டன.

இதே தவறு எமது நாட்டிலும் நடந்ததுண்டு. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகளே காணப்பட்டனர். மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். சாம்பலுக்குள் கிடக்கும் தணலைப் போன்றவை இந்நோய்கள்.

ஆபிரிக்காவில் அத்தணலைப் போர் ஊதிவிட்டது. கொங்கோவிலும் அங்கோலாவிலும் தென் சூடானிலும் மக்கள் காடுகளுக்கு ஓடினர். காட்டில் இலையான் இருந்தது. ஒருவரிடமிருந்த கிருமி பலருக்குப் போயிற்று. வைத்தியசாலைகள் எரிந்தன, தாதிமாரும் இடம்பெயர்ந்தனர், நடமாடும் குழுக்களின் வாகனங்கள் நின்றன. திரும்பி வந்தவர்கள் பற்றை மண்டிய தோட்டங்களைத் துப்புரவாக்கும்போது மீண்டும் கடிபட்டனர். 1998 இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் பதியப்பட்டனர். பதியப்படாமலும் மருந்தில்லாமலும் மூன்று இலட்சம் பேர் இருந்திருப்பர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. கொங்கோ, அங்கோலா, தென் சூடான் ஆகிய இடங்களின் சில கிராமங்களில் இருவரில் ஒருவருக்கு நோய் இருந்தது.

அதே காலத்தில் மெலார்சோப்ரோலும் தளரத் தொடங்கியது. மத்திய ஆபிரிக்காவின் சில பகுதிகளில் நூறில் முப்பது பேர் வரை அதனாற் சுகமடையவில்லை.

சந்தை இல்லாத மருந்து

வேறு மருந்து இல்லாமல் இல்லை. எப்லோர்னிதீன் என்னும் மருந்து முதலிற் புற்றுநோய்க்கென ஆராயப்பட்டது. அதற்கு அது எதிர்பார்த்தபடி உதவவில்லை. ஆனால் உறக்க நோயில் மூளை கலங்கிக் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தது. 1990 இல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனினும் இதைச் செய்வதற்குச் செலவு அதிகம், வாங்க வேண்டியவர்களிடமோ காசில்லை. 1995 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

பின்னர் நடந்தது எவரையும் சிந்திக்க வைக்கும். இதே பொருள் முகத்தில் மயிர் வளர்வதைத் தடுக்கும் என்று கண்டறிந்து, பூசும் களிம்பாக 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சந்தைக்கு விட்டார்கள். செல்வந்த நாட்டுப் பெண்களின் முக அழகுக்கு அது கிடைத்தது. கொங்கோவில் இறந்துகொண்டிருந்த தாய்க்குக் கிடைக்கவில்லை.

இது ஒரு மருந்தின் கதை மாத்திரமன்று. 1975 முதல் 1999 வரை உலகில் 1,393 புதிய மருந்துகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் வெப்ப மண்டல நோய்களுக்கும் காச நோய்க்குமாக வந்தவை 16 மட்டுமே.

எல்லைகள் அற்ற வைத்தியர்கள் அமைப்பு இதனை உலகறியச் செய்தது. போர்க்காலத்தில் எமது நாட்டு வைத்தியசாலைகளிலும் பணியாற்றிய அமைப்பு அது. இவ்வமைப்பும் உலக சுகாதார ஸ்தாபனமும் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 2001 இல் அவென்ரிஸ் நிறுவனம் எப்லோர்னிதீனை மீண்டும் செய்யவும், பென்ரமிடினையும் மெலார்சோப்ரோலையும் சேர்த்து இலவசமாக வழங்கவும் உடன்பட்டது. பின்னர் அந்நிறுவனம் சனோபியுடன் இணைந்தபோதும் இவ்வழங்கல் தொடர்ந்தது.

மருந்து கிடைத்தது, ஆனால் அதைக் கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. நாளொன்றுக்கு நான்கு தடவையாக 14 நாட்களுக்குச் சேலைன் வழியே ஏற்ற வேண்டும். மொத்தம் 56 தடவை. மின்சாரமில்லாத, ஒரேயொரு தாதி உள்ள கிராமிய வைத்தியசாலையை எண்ணிப் பாருங்கள். இரவு பகலாக யார் போத்தல் மாற்றுவது? 2009 இல் எப்லோர்னிதீனுடன் நிபூர்றிமொக்ஸ் என்னும் குளிசையைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றது. 56 தடவை ஏற்றியது 14 தடவையாகக் குறைந்தது. இம்முறை பரவியதும் மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் பாஷாண ஊசியின் காலம் முடிவுக்கு வந்தது.

கைவிடப்பட்ட கோப்பிலிருந்து ஒரு குளிசை

2003 இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி என்னும் அமைப்பு ஆரம்பிக்கப்பட்டது. இது இலாபம் தேடும் நிறுவனமன்று. அரசுகளும் அறநிதியங்களும் கொடுக்கும் பணத்தைக் கொண்டு ஆய்வு செய்விக்கும். சந்தைக்காகக் காத்திராமல் நோயாளியின் தேவையிலிருந்து தொடங்குவதே இதன் வழி.

அவர்கள் முதலில் எழுதிக்கொண்டது, எப்படிப்பட்ட மருந்து வேண்டும் என்பதையே. வாயால் உட்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இரு கட்டங்களுக்கும் உதவ வேண்டும். வெயிலிற் கெடக்கூடாது. கிராமத்திலேயே கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பின்னர் எழுநூறுக்கும் மேற்பட்ட பழைய சேர்மங்களைத் துருவிப் பார்த்தார்கள். அவற்றுள் ஜேர்மன் நிறுவனமொன்று முன்னர் ஆராய்ந்து 1980 களிற் கைவிட்ட பெக்சினிடசோல் இருந்தது. அதனை மீண்டும் எடுத்தார்கள்.

இது வேலை செய்யும் முறை எளிது. கிருமியிடமுள்ள ஒரு நொதியம் இம்மருந்தை நஞ்சாக மாற்றுகின்றது. அதே நஞ்சு கிருமியைக் கொல்லும். எமது உடலில் அந்த நொதியம் இல்லாமையால் எமக்குக் கேடு குறைவு. பாம்பு தன் நஞ்சாலேயே சாவது போன்றது எனலாம்.

புதிய மருந்து நோயாளியின் கைக்கு வருமுன் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலில் ஆய்வுகூடத்தில் கிருமியைக் கொல்கின்றதா என்று பார்ப்பார்கள். அடுத்து நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்து, நோய் மாறுகின்றதா, ஈரலும் இதயமும் பழுதாகின்றனவா என்று பார்ப்பார்கள். மூன்றாவதாக, நோயில்லாத தொண்டர்கள் சிலருக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுப்பார்கள். பெக்சினிடசோலுக்கு இது 2009 இல் நடந்தது. நான்காவதே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பழைய மருந்துடன் ஒப்பிடுதல்.

இந்த ஒப்பீடு 2012 இல் தொடங்கியது. கொங்கோ சனநாயகக் குடியரசிலும் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலுமாகப் பத்து வைத்தியசாலைகளில், 394 நோயாளிகள் சேர்ந்தனர். மூன்றில் இரு பங்கினருக்குப் புதிய குளிசையும், ஒரு பங்கினருக்குப் பழைய முறையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கப்பட்டது. வைத்தியருக்கு விருப்பமானவருக்கு நல்லதென்று கருதும் மருந்தைக் கொடுத்தால் முடிவு பிழைத்துவிடும் என்பதாலேயே இவ்வாறு செய்கின்றனர். பின்னர் 18 மாதங்கள் நோயாளிகளைத் தேடிச் சென்று மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். கிருமி ஒளித்திருந்து திரும்பக்கூடியதாகையால் இந்நீண்ட காத்திருப்பு அவசியமாயிற்று.

முடிவு 2017 இல் வெளியாயிற்று. பழைய முறையில் நூறுக்கு 97.6 பேரும், குளிசையில் நூறுக்கு 91.2 பேரும் சுகமடைந்தனர். “அப்படியாயின் பழையதுதானே நல்லது?” என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சேலைன் ஏற்றும் முறை வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவருக்கே உதவும். மூன்று நாள் நடந்து, வள்ளமேறி, வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வரமுடியாதவருக்கு அது பூச்சியமே. ஆகவே பலரைச் சென்றடையும் மருந்து, சற்று வலுக் குறைந்ததாயினும், மொத்தத்தில் அதிக உயிர்களைக் காக்கும் என்று கணக்கிட்டார்கள். நோய் மிகவும் முற்றியவருக்குப் பழைய முறையே சிறந்தது என்றும் தெளிவாக எழுதி வைத்தார்கள்.

2018 நவம்பரில் ஐரோப்பிய மருந்து ஆணையம் சாதகமான கருத்தைத் தெரிவித்தது. அடுத்த மாதமே கொங்கோ அனுமதி வழங்கியது. வளர்ந்தவர் முதல் நான்கு நாட்கள் மூன்று குளிசையும், அடுத்த ஆறு நாட்கள் இரண்டு குளிசையும், நாளுக்கொரு தடவை எடுக்க வேண்டும். நோய் முற்றிய அறிகுறி இல்லாதவர்களுக்கு முள்ளந்தண்டு நீர் எடுக்கவும் தேவையில்லாமற் போயிற்று.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்ட பின்னரே இக்குளிசையை எடுக்க வேண்டும். வெறுவயிற்றில் எடுத்தால் மருந்து போதியளவு இரத்தத்திற் சேராது. பத்து நாட்களும் நோயாளிக்குச் சாப்பாடு இருக்கின்றதா என்பதைச் சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும். பசி உள்ள இடத்தில் மருந்தும் தோற்றுப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிழக்கு, தென் ஆபிரிக்க வகை நோய்க்குப் பாஷாண ஊசி மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. மலாவியிலும் உகண்டாவிலும் நடத்திய ஆய்வின் பின், 2023 டிசம்பரில் அதற்கும் பெக்சினிடசோலுக்குச் சாதகமான கருத்துக் கிடைத்தது. 2024 இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் வழிகாட்டலை அதற்கேற்ப மாற்றியது.

ஒரே தடவையில்

பத்து நாட்களும் சிலருக்கு நீண்டவையே. ஆகவே அதே அமைப்பு அக்கோசிபோரோல் என்னும் இன்னொரு மருந்தையும் வளர்த்தெடுத்தது. போரன் என்னும் மூலகத்தைக் கொண்ட சேர்மம் இது. மூன்று குளிசைகளை ஒரே தடவையில் விழுங்கினாற் போதும். உணவுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் இல்லை. 2016 முதல் 2019 வரை கொங்கோவிலும் கினியிலும் 208 நோயாளிகளுக்கு இது கொடுக்கப்பட்டது. நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களில் நூறுக்கு 95 பேர் 18 மாதங்களின் பின்னரும் சுகமாக இருந்தனர் என 2022 இல் வெளியான முடிவு காட்டியது. 56 தடவை ஏற்றிய நிலையிலிருந்து ஒரேயொரு தடவை என்ற நிலைக்கு வழி திறந்திருக்கின்றது.

மருந்து மட்டும் போதுமா?

போதாது. குளிசை தானாக ஊருக்கு நடந்து போகாது. நடமாடும் குழுக்கள் மோட்டார் சைக்கிளிலும் வள்ளத்திலும் சென்று, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து நோயாளிகளைத் தேடின. இலையானுக்கு நீல நிறம் பிடிக்கும் என்பதை அறிந்து, மருந்து தோய்த்த சிறு நீலத் துணிகளை ஆற்றோரங்களில் நட்டார்கள். துணியில் மோதும் இலையான் சாகும். இவ்வேலையிற் கிராமத்தவர்களே பங்கெடுத்தனர். எந்தத் துறையில் இலையான் அதிகம் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

2009 இல் நோயாளர் தொகை பத்தாயிரத்துக்குக் கீழ் வந்தது. 2018 இல் ஆயிரத்துக்கும் கீழ் இறங்கியது. ரோகோ, பெனின், கானா, சாட், கினி முதலிய நாடுகளில் இது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டுள்ளது. மெல்லக் கொல்லும் வகையின் பரவலை 2030 அளவில் முற்றாக நிறுத்துவது இலக்காகும். ஆயினும் ஒரு போர், ஓர் இடப்பெயர்வு, கைவிடப்பட்ட ஒரு கண்காணிப்பு போதும், தணல் மீண்டும் எரிய.

நாம் மனதிற் கொள்ள வேண்டியவை

திரிப்பனோசோமாவின் உறவுக் கிருமியொன்று எமது நாட்டில் உண்டு. அதன் பெயர் லெயிஸ்மானியா. மணல் ஈ என்னும் மிகச் சிறிய பூச்சி இதனைப் பரப்புகின்றது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் அறியப்பட்டார். பின்னர் வடக்கு உட்படப் பல மாவட்டங்களில் நோயாளிகள் காணப்பட்டனர். முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில் நோவில்லாத ஒரு பருவாகத் தொடங்கி, மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். நோவில்லை என்று பலரும் கவனியாது விடுகின்றனர். இலை குழைத்துக் கட்டிக் காலம் கடத்த வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவிற் காட்டினால் இதற்குரிய சிகிச்சை கிடைக்கும். காடு வெட்டித் துப்புரவாக்குபவர்களும், நெடுங்காலம் விட்டிருந்த காணிக்குத் திரும்புபவர்களும் இதனைக் குறிப்பாக மனதிற் கொள்க.

மலேரியாவைப் பொறுத்தவரை, உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் காணப்பட்டார். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அங்கீகரிக்கப்பட்டது. போர் நடந்த மாவட்டங்களிலும் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் கைவிடப்படாது தொடர்ந்தமையால் கிடைத்த பலன் இது. ஆனால் நுளம்பு இன்னும் இருக்கின்றது. வெளிநாடு சென்று வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் எங்கு சென்று வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் இரத்தம் எடுக்க வந்தால், “இப்போது ஏன்?” என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

எந்த மருந்தாயினும் வைத்தியர் சொன்ன நாள் முழுவதும் எடுங்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை அடுத்த முறைக்கென்று பொட்டலம் கட்டி வைத்தால், தப்பிய கிருமி வலுத்து வரும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டு அறியுங்கள். சாப்பாடு இல்லையென்றால் அதனையும் வெட்கப்படாது சொல்லுங்கள். அது மருந்து வேலை செய்வதற்கு வேண்டிய தகவல்.

மருந்தாய்வு ஒன்றிற் சேரும்படி யாரேனும் உங்களைக் கேட்டால், என்ன மருந்து, என்ன தீங்கு வரலாம், இடையில் விலகலாமா, தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்பவற்றை உங்கள் மொழியில் விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத தாளிற் கையொப்பம் வைக்க வேண்டாம். அதேவேளை, முறைப்படி நடக்கும் ஆய்வுக்கு அஞ்சவும் வேண்டாம். கொங்கோவிலும் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலும் வாழ்ந்த அந்த 394 பேரும் சம்மதித்து, 18 மாதங்கள் திரும்பத் திரும்ப இரத்தமும் முள்ளந்தண்டு நீரும் கொடுத்திராவிட்டால் அந்தக் குளிசை இன்றும் பழைய கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கும்.